முகத்துவாரத்தில் ஓர்க்கிட் ஏன் வாடுகிறது?

களனி ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அண்டியுள்ள முகத்துவாரத்தில், ஓர்க்கிட் வளர்ப்பதற்கு வேண்டியன யாவும் இயற்கையிலேயே அமைந்துள்ளனபோல் தோன்றும். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியசு அளவில் நிற்கிறது. காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கொழும்பின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். இலங்கைத் தீவோ 180க்கும் மேற்பட்ட ஓர்க்கிட் இனங்களின் தாயகம். அவ்வாறிருந்தும் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் முகப்புகளிலும், பூவோடு வாங்கி வந்த செடிகள் பல மறுமுறை பூக்காமலே மடிகின்றன. ‘எங்கள் கைக்கு இது வராது’ என்று சொல்லிச் சாடியை ஒதுக்கிவைப்போர் பலர். கைராசி என்று ஒன்றுமில்லை. ஒவ்வோர் இழப்புக்கும் காரணம் உண்டு. அதைத் தேடினால் கண்டுபிடிக்கலாம்.

வாடிய செடியைக் கையில் ஏந்தி வரும் அயலவரின் முதற் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “தம்பி, இலையெல்லாம் சுருங்குது, தண்ணி காணாதோ?” இலை சுருங்கினால் செடிக்குள் நீர் குறைந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் அந்தக் குறைவு இரு வழிகளில் நேரலாம். ஊற்றிய நீர் போதாமற் போயிருக்கலாம். அல்லது நீரை உறிஞ்ச வேண்டிய வேர் அழுகியிருக்கலாம். இரண்டிலும் இலை காட்டும் குறி ஒன்றே. வேரழுகிய செடிக்கு மேன்மேலும் நீர் ஊற்றுபவர், எஞ்சியிருந்த நல்ல வேரையும் தம் கையாலேயே அழிக்கிறார். எனவே இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. சாடியைச் சரித்து வேரைப் பார்த்த பின்னரே நீரைத் தொட வேண்டும்.

கத்தரி, மிளகாய் முதலியவற்றின் வேரை மனத்திற்கொண்டு ஓர்க்கிட்டின் வேரை விளங்கிக்கொள்ள முடியாது. நாம் வீடுகளில் வளர்ப்பவற்றுட் பெரும்பாலானவை மேலொட்டிகள். காட்டு மரங்களின் கிளைகளைப் பற்றி வாழ்பவை. தாங்கும் மரத்தின் சாற்றை அவை உண்பதில்லை. மழைநீரும், மரப்பட்டை வழியே வடியும் நீரிற் கரைந்துள்ள சிறிதளவு கனியுப்புமே அவற்றின் உணவு. மழை ஓய்ந்ததும் காற்று வீசும், வேர் காயும், மீண்டும் மழை பெய்யும்வரை காத்திருக்கும். இந்த வாழ்வுக்கு ஏற்ப அதன் வேரைச் சுற்றி இறந்த கலங்களாலான பல அடுக்கு உறையொன்று அமைந்துள்ளது. தாவரவியலார் அதை வெலாமன் என்பர். கடற்பஞ்சுபோல அது சில நிமிடங்களிலேயே நீரை உள்வாங்கி நிறைத்துக்கொள்ளும். உலர்ந்திருக்கையில் கலங்களுக்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தோன்றும். நனைந்ததும் உறை ஒளியூடு புகவிடுவதாகி, உள்ளேயுள்ள பச்சையம் வெளித்தெரிந்து வேர் பச்சையாகும். செடிக்கு நீர் வேண்டுமா என்பதை அறிய இதனினும் நம்பத்தக்க அடையாளம் வேறில்லை: வேர் பச்சையாக இருந்தால் பொறுத்திரு, வெள்ளியாக மாறினால் நீர் கொடு.

சாடியிலிருந்து செடியைக் கழற்றியதும் ஒவ்வொரு வேரையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல வேர் உறுதியாக இருக்கும். அதன் நிறம் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கும். நுனி பளபளப்பான பச்சையாகவோ செம்மண் நிறமாகவோ தெரியும். அழுகிய வேரை அழுத்தினால் பழுப்பு நீர் கசியும். சற்று இழுத்தால் உறை உறைபோலவே கழன்று, நடுவிலுள்ள நார் மட்டும் விரலில் மிஞ்சும். நீரின்றிக் காய்ந்த வேர் உட்குழிந்து, தட்டையாகி, கடதாசிபோல் மொறுமொறுக்கும். மூன்றும் மூன்று வேறு கதைகள். முதலாவதாயின் குறை வேறெங்கோ உள்ளது. இரண்டாவதாயின் அழுகியவற்றைத் தீயிற் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, புதிய கரித்துண்டில் நட்டு, நிழலில் வைத்து, நீரைக் குறைக்க வேண்டும். மூன்றாவதாயின் சாடியோடு நீரில் ஊறவிட்டு எடுத்து, பின்னர் நீரைப் படிப்படியாகக் கூட்டலாம்.

வேர் அழுகுவது நீரால் என்பதைவிட, காற்றின்மையால் என்பதே சரி. வண்டா இனங்களை மரச் சட்டத்தில் வேர் வெளியே தொங்கக் கட்டி, நாள்தோறும் இருமுறை நனைத்தாலும் வேர் அழுகுவதில்லை. நனைந்த வேர் சில மணி நேரத்தில் காற்றில் உலர்ந்துவிடுவதே காரணம். அதே வேரைத் தோட்டமண் நிறைந்த சாடியில் புதைத்தால் மண்துகள்களுக்கிடையே நீர் தங்கி, ஒட்சிசன் நுழைய வழியின்றி வேர்க்கலங்கள் மூச்சடைந்து இறக்கின்றன. இறந்த இழையத்தைப் பங்கசு பற்றிக்கொள்கிறது. நாம் நோய் என்று பெயரிடும் பங்கசு பல வேளைகளில் பின்னர் வந்து சேர்ந்ததே. அதற்கு மருந்து அடித்துக்கொண்டிருந்து மண்ணை மாற்றாதிருப்பது பயனற்ற செலவு.

இப்பிழையை முதலிற் செய்தவர்கள் நாமல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டல ஓர்க்கிட்டுகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயின. அங்குள்ள செல்வர் அவற்றைக் கண்ணாடி வீடுகளில் அடைத்து, கதவுகளை மூடி, அடுப்பெரித்துச் சூடேற்றி, நீராவி நிறைத்து வளர்க்க முயன்றனர். புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லியே 1830 அளவில் மிகு வெப்பம், மிகு ஈரம், அடர்நிழல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். வெப்பமண்டலம் என்றால் இருண்டு புழுங்கும் காடு என்ற கற்பனையே இப்பரிந்துரைக்கு அடிப்படை. மலைச்சரிவுகளில் குளிர்காற்றில் வளர்ந்த இனங்களும், வெயில் படும் கிளைகளில் தொங்கிய இனங்களும் அந்தப் புழுக்கத்தில் எண்ணற்று மடிந்தன. சட்சுவேத் மாளிகையின் தோட்டத் தலைவர் ஜோசப் பக்சுடன் இதை மாற்றினார். அவர் அனுப்பிய ஜோன் கிப்சன் இன்றைய மேகாலயத்துக் காசி மலைகளில் செடிகளைத் திரட்டிக்கொண்டு 1837 இல் திரும்பினார். பக்சுடன் வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு வெவ்வேறு வீடுகளை வகுத்தார். காற்றோட்டத்துக்கு வழி திறந்தார். செடிகள் பிழைத்தன. எங்கிருந்து வந்த செடி, அங்கே காற்று எப்படி, மழை எப்படி, ஒளி எவ்வளவு என்ற வினாக்களுக்கு விடை தேடியதே அவர் செய்த பெரும்பணி. முகத்துவாரத்து வீட்டு முற்றத்திலும் அதே வினாக்களே முதலில் எழ வேண்டும்.

கொழும்பில் மிகுதியாக வாங்கப்படுவதும் மிகுதியாக ஏமாற்றம் தருவதும் பலனொப்சிசு. அகன்ற இலைகளுக்கிடையே வளைந்த தண்டில் வரிசையாகப் பூக்கும் இச்செடி, இலை செழித்துப் பல ஆண்டு வாழ்ந்தும் பூக்காதிருப்பதுண்டு. பசளை குறைந்ததோ என்று எண்ணிப் பசளையைக் கூட்டுவர். குறை பசளையில் இல்லை. பூந்தண்டு எழ, இதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குறைந்த வெப்பநிலை வேண்டும். பகல் வெப்பம் 28 பாகைக்கு மேலே நிலைத்திருந்தால் செடி இலையை மட்டுமே விடும். வணிக வளர்ப்பாளர் குளிரூட்டிய வீடுகளில் வைத்தே அதைப் பூக்கவைத்து விற்பனைக்கு அனுப்புகின்றனர். கடற்கரை வெப்பத்தில் அதனிடம் பூவை எதிர்பார்ப்பவர் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளையும், வீட்டில் மிகக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள மூலையையும் பயன்படுத்திப் பார்க்கலாம். என் கருத்தில், முகத்துவாரத்தில் புதிதாகத் தொடங்குபவர் பலனொப்சிசுவை விட்டு, வெப்பத்தில் பூக்கும் டென்ட்ரோபியக் கலப்பினங்களையும் வண்டாவையும் நாடுவதே அறிவு.

அதே பலனொப்சிசுவுக்கு இன்னொரு இடரும் உண்டு. காட்டில் அது மரத்தண்டிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து வளரும். மழைநீர் இலைகளின் நடுக்குருத்திலிருந்து வழிந்தோடிவிடும். சாடியில் நிமிர்த்தி நட்டால் அந்த நடுக்குழியில் நீர் தேங்கி, ஓரிரவிலேயே குருத்து அழுகத் தொடங்கலாம். குருத்து அழுகினால் அச்செடி மேலும் இலைவிட வழியில்லை. சாடியைச் சற்றே சாய்த்து வைப்பதும், மரப்பலகையில் சாய்வாகக் கட்டுவதும், காலையில் மட்டும் நீர் ஊற்றுவதும் இதற்குக் காப்பு. காலை நீருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. பலனொப்சிசு, வண்டா போன்ற பல இனங்கள் பகலில் இலைவாய்களை மூடி வைத்து, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து அமிலமாகச் சேமித்து, மறுநாட் பகலில் ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்துகின்றன. இலைகள் உலர்ந்த நிலையில் இரவை எதிர்கொள்வதே அவற்றுக்கு நலம்.

இனி, எம் பகுதிக்கே சிறப்பாக உரிய காரணத்துக்கு வருகிறேன். அது உப்பு. ஓர்க்கிட்டின் வேர் மிகத் தூய நீருக்குப் பழகியது. வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்புச் செறிவு மிகுந்தால் பிரசாரணத்தின் விதிப்படி நீர் உள்ளே செல்வது தடைப்படும். மிகக் கூடினால் வேரிலிருந்து நீர் வெளியேறவும் செய்யும். நீர் நிறைந்த சாடியில் செடி தாகத்தால் வாடும். இலைநுனி பழுப்பாகிக் காய்தலும், வேர்நுனி கருகி நின்றுவிடுதலும், மண்சாடியின் விளிம்பில் வெண்ணிறப் பொருக்குப் படிதலும் அதன் அடையாளங்கள்.

முகத்துவாரத்தில் உப்பு வரும் வழிகள் பல. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடலலைகள் உடைந்து எழும் நுண்துளிகள் காற்றோடு ஊருக்குள் வருகின்றன. திறந்த முற்றத்தில் உள்ள செடியின் இலைகளை அடுத்த மழை கழுவிவிடும். ஆனால் வெள்ளவத்தையில் மேற்கு நோக்கிய தொடர்மாடி முகப்பில், மேல்தளத்தின் கீழே ஒதுங்கியிருக்கும் செடிக்கு உப்புக்காற்று மட்டும் வந்து சேரும், மழை சேராது. மழைக்காலத்திலேயே அச்செடி வாடுவதன் புதிர் இதுவே. களனி ஆற்றில் நீரோட்டம் குறையும் வறட்சிக் காலங்களில் கடல்நீர் ஆற்றின் வழியே மேலேறி அம்பத்தலை நீரெடுக்கும் இடம்வரை எட்டுவதும், அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மண்மூடை அணை இட்டதும் கொழும்பு அறிந்த செய்திகள். அத்தகைய காலங்களில் குழாய்நீரை மட்டும் நம்பாது, சேமித்த மழைநீரை ஓர்க்கிட்டுக்கு ஒதுக்குவது நன்று. கூரையில் விழும் முதல் மழை தூசியையும் உப்பையும் கழுவி வருவதால், அதைப் போகவிட்டுப் பின்வருவதையே சேர்க்க வேண்டும்.

எவரும் ஐயுறாத வழி தேங்காய். எமது நாட்டில் ஓர்க்கிட் நடுவதற்குப் பொச்சுமட்டைத் துண்டு எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. தென்னை தன் மட்டையில் பொற்றாசியம், சோடியம், குளோரைட்டு ஆகியவற்றை இயல்பாகவே சேமிக்கிறது. தும்புக்காகக் களப்புகளின் உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையில் உப்பு இன்னும் மிகும். அதை அப்படியே சாடியில் நிரப்பினால், ஈரம் காத்துச் செடியை வளர்க்கும் என்று நம்பிய பொருளே வேரைக் கருக்கும். மட்டைத் துண்டுகளை நன்னீரில் ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றி, வடியும் நீர் தேநீர் நிறம் நீங்கித் தெளியும்வரை கழுவ வேண்டும். அதன் பின்னும் மட்டையின் நார்களில் பிணைந்துள்ள சோடியமும் பொற்றாசியமும் வெறும் நீரால் எளிதில் நீங்குவதில்லை. கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவிட்டால் கல்சியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியேற்றும். வணிக வளர்ப்பாளர் தும்புத்தூளைப் பதப்படுத்துவதும் இம்முறையிலேயே. இவ்வளவு உழைப்புக்கு நேரமில்லாதவர் விறகுக் கரியையும் ஓட்டுத் துண்டுகளையும் கலந்து பயன்படுத்தலாம். அவை அழுகுவதில்லை, மழைக்காலத்தில் காற்றையும் அடைப்பதில்லை. இவற்றோடு, வாடிய செடிக்குத் தேறுதலாக நாமே இடும் பசளையும் உப்புத்தான் என்பதை மறத்தலாகாது. பொதியுறையிற் குறிப்பிட்ட அளவின் காற்பங்கே ஓர்க்கிட்டுக்குப் போதும். வேர் கெட்ட செடிக்கு அதுவும் வேண்டா.

நோய்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். இலையில் நீர் கோத்ததுபோல் தோன்றி, விரைந்து பரவி, துர்நாற்றம் வீசும் அழுகல் பற்றீரியாவால் வருவது. நல்ல பகுதி வரை வெட்டி எறிந்து, செடியை உலர்த்த வேண்டும். கருமை பரவும் அழுகலுக்குப் பைத்தோத்தொரா என்னும் நுண்ணுயிர் காரணமாகலாம். தொடர்மழையில் செடிகளை நெருக்கி வைத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். எறும்பு வரிசையாக ஏறினால், இலைக் கக்கத்தில் மாப்பூச்சியோ செதிற்பூச்சியோ இருப்பது பெரும்பாலும் உறுதி. இரவில் வேர்நுனிகளைத் தின்பது ஆபிரிக்க இராட்சத நத்தை. நத்தைகளை ஆராய்ந்த பென்சன் என்பவர் 1847 இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டமொன்றில் விட்ட சில நத்தைகளிலிருந்து இந்தியாவெங்கும் இது பரவியது. 1900 அளவில் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஒருவருடைய பொழுதுபோக்கு ஒரு கண்டத்துக்கே இடராகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வைரசு நோய்க்கு மட்டும் மருந்தே இல்லை. இலையிலும் பூவிலும் ஒழுங்கற்ற வெளிறிய கீற்றுகள் நிலைத்து நின்றால் அச்செடியை அழிப்பதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. வெட்டும் கருவி வழியாகவே அது பெரிதும் பரவுவதால், செடிக்குச் செடி கருவியைத் தீயிற் காட்டும் வழக்கத்தைக் கைவிடக் கூடாது.

காரணம் தேடும் முறையிற்றான் பெரும்பாலோர் தவறுகின்றனர். செடி வாடிய அன்றே சாடியை மாற்றி, இடத்தை மாற்றி, பசளையிட்டு, மருந்தும் அடிக்கின்றனர். செடி பிழைத்தால் எது காத்தது என்று தெரியாது. மடிந்தால் எது கொன்றது என்றும் தெரியாது. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றிய நாளைக் குறித்து வைக்க. ஓர்க்கிட் மெல்ல வளர்வது. புதிய வேர்நுனி தோன்ற வாரங்கள் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருத்தலும் வளர்ப்பின் ஒரு பகுதியே. சுருங்கிய பழைய இலை மீண்டும் விரியாமலே போகலாம். அதைப் பார்த்து மனம் தளர வேண்டா. புதிய வேர் வந்துவிட்டதா என்பதே கேள்வி.

வீட்டு மீன்தொட்டிக்கும் இம்முறை அப்படியே பொருந்தும். புதிய தொட்டியில் கப்பி மீன்களை விட்ட சில நாட்களில் அவை நீர்ப்பரப்பில் வாய்பிளந்து திணறுகின்றன. மீனுக்கு நோய் என்று கருதி மருந்தூற்றுவர். உண்மையில், மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் வரும் அமோனியா அங்கே தேங்கியிருக்கிறது. அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். எமது வெப்பத்தில் அமோனியாவின் நஞ்சுத்தன்மையும் கூடுதல். உணவை நிறுத்தி, நீரில் ஒரு பகுதியை மட்டும், குளோரின் நீங்கிய நீரால் மாற்றுவதே தீர்வு. முழு நீரையும் கொட்டி, வடிகட்டியைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால், காக்க வேண்டிய பற்றீரியாக்களைக் குளோரின் கொன்றுவிடும். துன்பம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இங்கும் குறி தோன்றுவது மீனில். குறை இருப்பதோ நீரில்.

தோல்வியை உற்றுநோக்கியவர்களாலேயே அறிவு வளர்ந்தது. இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட் தம் தோட்டத்தில் பன்னம் வளர்க்க முயன்று, நகரப் புகையால் தோற்றுக்கொண்டிருந்தார். 1829 அளவில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மூடிய கண்ணாடிப் போத்தலில் ஈரமண்ணில் வைத்திருந்தபோது, அம்மண்ணில் தானாகவே ஒரு பன்னம் முளைத்துச் செழிப்பதைக் கண்டார். புகை புகாத, ஈரம் வெளியேறாத அந்தப் போத்தலே பின்னர் வார்ட் பெட்டியாயிற்று. 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 இறப்பர் நாற்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்திறங்கின. அவற்றுட் பெரும்பாலானவை உயிரோடு வந்தன. இலங்கையின் இறப்பர்த் தோட்டங்கள் அவற்றிலிருந்தே பெருகின. வார்ட் தம் பன்னம் இறந்ததை விதி என்று விட்டிருந்தால் இது நடந்திராது.

ஓர்க்கிட் விதையின் வரலாறும் அத்தகையதே. தூசிபோன்ற அவ்விதையில் முளைக்குச் சேமித்த உணவு இல்லை எனலாம். அதனால் விதைத்தோர் பெரும்பாலும் தோற்றனர். காட்டில் குறித்த பங்கசொன்று விதைக்குள் புகுந்து உணவூட்டுவதாலேயே அது முளைக்கிறது என்று பிரான்சின் நொயெல் பேர்னார்ட் 1899 இல் கண்டார். சீனி கலந்த ஊடகத்தில் பங்கசின்றியே முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிசு நட்சன் 1922 இல் காட்டினார். இன்று கடைகளிற் கிடைக்கும் மலிவான கலப்பினங்கள் யாவும் அவ்விருவருக்கும் கடன்பட்டவை.

அதனாற்றான் ஒரு வேண்டுகோள். சப்பிரகமுவைக் காடுகளில் வளரும் வெசாக் ஓர்க்கிட்டையும் வனராசாவையும் காட்டிலிருந்து பெயர்த்து வந்து தெருவோரத்தில் விற்பதைக் காண்கிறோம். வேரறுந்து, தமக்குரிய பங்கசையும் வாழிடத்தையும் இழந்து வரும் அச்செடிகளை எத்திறத்தவர் வளர்த்தாலும் கடற்கரை வெப்பத்தில் காப்பது மிக அரிது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எமது அரிய ஓர்க்கிட்டுகளைக் காக்கிறது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அவற்றை வாங்காதீர்கள். ஆய்வுகூடக் குடுவையில் பிறந்த செடியை வாங்குங்கள். வெசாக் ஓர்க்கிட்டைப் பார்க்க விரும்பினால் வைகாசியில் பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.